வாசலில் முட்டியளவு சுவர்

காரைக் காணோம், பக்கத்து வீட்டுப் பரந்தாமனோடது. காலையில பால் பாக்கெட் எடுக்கப் போனப்ப இருந்துச்சு, எங்க காம்பவுண்டை ஒட்டி, கவர் போட்டு, கயிறு கட்டி, சீர்வரிசைச் சாமான் மாதிரி நின்னுட்டிருந்துச்சு. இப்ப சாப்பிட்ட தட்டைக் கழுவிட்டு ஜன்னல்கிட்ட வந்து பார்க்கறேன், கவர் மட்டும் மடிச்சு அவரு வீட்டுப் படிக்கட்டுல கிடக்கு, பறக்காம இருக்க மேல ஒரு செங்கல்லு. செங்கல்லு தேடி எடுத்து வைக்கற அளவுக்கு நிதானம் இருந்திருக்கு, எங்க வீட்டு ஜன்னலைத் தட்டி, இந்தாம்மா சங்கதி இப்படின்னு ஒரு வார்த்தை சொல்ல மட்டும் வாய் வரல. எங்க நாரையேரி நகர்ல மழைக்காலத்துல ஒரு கார் காணாமப் போச்சுன்னா ஒரே அர்த்தந்தான், மேம்பாலத்து மேல போய் நிக்குது. டிவில மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு என்ன கலர் வேணா சொல்லட்டும், இங்க ஒரு ஈ காக்கா நம்பாது. மேம்பாலத்து ஓரமா கார் வரிசை கட்டிடுச்சான்னு பார்த்துட்டு வந்துதான் அரிசி டிரம்மைத் தூக்கி மேல வைக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவோம். இப்ப மழை கூட சும்மா பொசபொசன்னுதான் தூறுது. இந்தத் தூறலுக்கு ஒரு மனுஷன் காரை மேம்பாலத்துல கொண்டு போய் விடறாருன்னா சும்மாவா? பரந்தாமனோட மச்சினன் ஏரி மதகு திறக்கற ஆபீஸ்ல இருக்கான். அவன் போன் பண்ணியிருப்பான், மாமா, இன்னிக்குத் திறக்கறோம், வண்டியை எடுத்துடுங்கன்னு. அது இவருக்குத் தெரியும், எனக்குத் தெரியக்கூடாது. எனக்குத்தான் முதல்ல தெரியணும். இந்தத் தெருவுல நடக்க முடியாத ஆளை வச்சுட்டு இருக்கறவ நான் ஒருத்திதான். தண்ணி தெரு முனைக்கு வந்தப்பறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம், அப்பறம் ஆட்டோவும் வராது, ஆம்புலன்ஸும் வராது. முன்னாடியே தெரிஞ்சாத்தான் இவரை இந்த வீட்டை விட்டு வெளியே எடுக்க முடியும்.

டங் டங். உள்ளேயிருந்து தட்டறாரு. இருங்க, வரேன். என் வீட்டுக்காரர் தணிகாசலம், பஸ் டிப்போல எலெக்ட்ரீஷியனா இருந்த மனுஷன், ஒரு டிப்போவே அதிரக் கத்துவாரு. பக்கவாதம் வந்து வலது பக்கமும் போச்சு, பேச்சும் போச்சு. இப்ப இடது கையில ஒரு எவர்சில்வர் டம்ளர், கட்டில் கம்பியில தட்டறதுதான் பேச்சு. ரெண்டு தட்டு காப்பி. மெதுவா ஒண்ணு ஒண்ணா தட்டினா ஒண்ணுக்கு. படபடன்னு தட்டினா கோவம். எனக்கு எல்லாம் அத்துப்படி, என் பொண்ணு ஹேமா கூட சொல்லுவா, அம்மா உனக்கு மட்டும் எப்படிம்மா புரியுதுன்னு. முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினா டம்ளர் என்ன, மூச்சு விடறதை வச்சே சொல்லலாம். இது காப்பித் தட்டு. இப்பத்தான் சோறு சாப்பிட்டாரு, அதுக்குள்ள காப்பியா, மழைன்னா இவருக்குக் காப்பி வேணும். கரண்ட் போய் ரொம்ப நேரமாச்சு, பால் பிரிட்ஜ்ல என்ன கதியோ. இருங்கன்னு சொல்றேன்ல. நான் இந்த ஜன்னலை விட்டு நகர்ந்தேன்னா அந்தாளு அந்த நேரம் பார்த்து ஏதாவது பண்ணிடுவாரு. நேத்துலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல, பயம்தான், வேற என்ன. மழை வாசனை மண்ணுல கிளம்பினா ஊரெல்லாம் ஆஹான்னு மூக்கை இழுக்கும், எங்களுக்கு மட்டும் அந்த வாசனையில நனைஞ்ச மெத்தை நாத்தம் சேர்ந்தே வரும்.

பேருலயே இருந்துச்சு, நாரையேரி நகர்னு. ஏரின்னு பேருல வச்சுக்கிட்டு மனை போட்டு வித்தானுங்க, நாங்களும் நாரை நிக்குமாமே, காத்தோட்டமா இருக்கும்னு வாங்கினோம். புத்தி எங்க போச்சுன்னு தெரியல. வாங்கினப்ப இங்க மூணே வீடு, சுத்தி நாணலு, தவளைச் சத்தத்துல டிவி கேக்காது. முதல் தடவை தண்ணி வந்தப்ப சிரிச்சோம், புள்ளைங்க கப்பல் விட்டுச்சுங்க. ரெண்டாவது தடவை முட்டி வரைக்கும் வந்துச்சு, அப்பவும் பக்கத்து ஊர்க்காரங்க ஏரிக்குள்ள வீடு கட்டினா ஏரி வராம என்ன வரும்னு சொல்லிட்டுப் போனாங்க, நாங்க காதுல வாங்கல. அப்பறம் அந்த டிசம்பர். ரெண்டாயிரத்துப் பதினஞ்சுன்னு சொன்னாலே இங்க எல்லார் கண்ணும் சுவத்துல ஒரு இடத்துக்குப் போகும். எங்க வீட்டுல சாமி படத்துக்கு மேல ஒரு பழுப்புக் கோடு, மூணு தடவை பெயிண்ட் அடிச்சாச்சு, மழை வந்தா திரும்பத் தெரியுது. அடுத்த வருஷம் வர்தா, காத்து, எங்க வீட்டு முருங்கையும் எதிர் வீட்டு மாமரமும் ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு கிடந்துச்சு. அப்பறம் மிக்ஜாம் புயல். எங்க ஊர்ல புள்ளைங்க வயசைக் கூட அப்படித்தான் சொல்லுவாங்க, வர்தா வந்தப்ப வயித்துல இருந்தான், மிக்ஜாம்ல மொட்டை போட்டோம்னு. எல்லாத்துலயும் எனக்கு மறக்காதது அந்த டிசம்பர்தான். அன்னிக்கு இவரு நல்லா இருந்தாரு, என்னைத் தோள்ல கை போட்டு இழுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டாரு. ஒரு தார்ப்பாய், ஒரு பிஸ்கட் பாக்கெட், ரெண்டு பேரும். பக்கத்துல பரந்தாமன் வீட்டு மாடி ரூம்ல மெழுகுவத்தி எரியுது. ஜன்னல்ல அந்தாளு நிக்கறாரு. கையில டார்ச். எங்க மேல அடிக்கறாரு, அணைக்கறாரு, அடிக்கறாரு. வேடிக்கை. நாங்க ரெண்டும் நனைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருக்கறதை லைட் அடிச்சுப் பார்க்கறாரு. வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடல. கூப்பிடாத வீட்டுக்கு எதுக்குப் போகணும்? இவரு அப்ப சொன்னாரு, குணவதி, நீ ஒரு குரல் கொடு, மழையில அவருக்குக் கேக்கலியோ என்னமோன்னு. நான் ஏன் கொடுக்கணும்? மாடி இருக்கறவங்கதான் கூப்பிடணும். அதோட சரி, அந்தாளுகிட்ட நேரா முகம் பார்த்துப் பேசினதில்ல.

பேசாட்டி என்ன, பார்த்துட்டுத்தான் இருக்கேன். வெள்ளம் வடிஞ்ச அடுத்த வருஷமே அந்தாளு வீட்டை ஜாக்கி வச்சுத் தூக்கினாரு. அரியானாலேர்ந்து ஆளுங்க வந்தாங்க, வீட்டுக்கு அடியில வரிசையா ஜாக்கி வச்சு, திருகித் திருகி, வீடு அப்படியே எழும்புது, உள்ள அவரு சம்சாரம் கோமளா அடுப்புல சாம்பார் கொதிக்குது. ஊரே வந்து பார்த்துச்சு. நானும் பார்த்தேன், வயிறு எரிஞ்சுது, பொய் சொல்லி என்ன ஆகப்போவுது. ரோட்டுக்காரன் வருஷா வருஷம் பழைய ரோட்டு மேலயே தார் ஊத்தி ரோட்டை உசத்திட்டான், பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை உசத்திட்டாரு, நடுவுல நாங்க பள்ளத்துல. அவரு வீட்டுத் தண்ணி எங்க போகும்? பள்ளத்தைப் பார்த்துத்தான் வரும். அதனாலதான் நானும் வாசல்ல சுவர் வச்சேன். இந்தத் தெருவுல எல்லாரும் வச்சிருக்காங்க, வாசக்கதவு நிலையில முட்டியளவுக்குச் செங்கல் வச்சுக் கட்டி, பூசி, காலைத் தூக்கித் தாண்டித்தான் உள்ள போகணும். தெருத் தண்ணி முட்டிக்கு வர்ற வரைக்கும் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வராது. நான் நல்ல கொத்தனாரா பார்த்துக் கட்டினேன், ரெண்டு கோட்டு சிமெண்ட்டு, மேல மொசைக் கல்லு. அப்பத்தான் இவருக்கு உடம்பு முடியாமப் போயிருந்த நேரம். ஹேமா ஓசூர்லேர்ந்து வந்து குதிச்சா, அம்மா அப்பாவோட வீல்சேர் இதை எப்படிம்மா தாண்டும்னு. உங்கப்பா எங்கடி போகப் போறாருன்னேன். சொல்லிட்டேன். இவரு கட்டில்லேர்ந்து என்னையே பார்த்தாரு. அந்தப் பார்வை இன்னும் அப்படியே இருக்கு.

டங் டங் டங். இருங்களேன், உங்களுக்கு ஒரு நிமிஷம் பொறுக்காதா. இதைப் பாருங்க, வாசலுக்கு வெளிய முத்தத்துல தண்ணி நிக்குது. கணுக்காலுக்குக் கூட வராது, ஆனா நிக்குது, அதான் சங்கதி. இந்தத் தூறலுக்கு நிக்கக்கூடாது. எங்க முத்தத்துத் தண்ணி போறதுக்கு அந்தப் பக்கச் சுவத்துல, கீழ, ஒரு ஓட்டை உண்டு. மனை வாங்கின காலத்துலேர்ந்து இருக்கு, அதுல போய், அந்தாளு வீட்டுப் பக்கமா ஓடி, தெருக் கால்வாய்ல விழும். காலையில நான் பால் எடுக்கறப்ப அந்தாளு சுவத்துக்கு அந்தப் பக்கம் குத்த வச்சு உக்காந்திருந்தாரு. தலை மட்டும் தெரியுது. பக்கத்துல கடப்பாரை சாய்ச்சு வச்சிருக்கு, கையில சாக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்துட்டாரு. ‘மழை வரும் போலிருக்கே’ன்னாரு, என்னைப் பார்த்து இல்ல, வானத்தைப் பார்த்து. நானும் முருங்கை மரத்தைப் பார்த்து, வந்தா வரட்டும்னேன். சாக்கை எடுத்துட்டு ஒருத்தர் ஓட்டைகிட்ட உக்கார்றது எதுக்கு? பூ பறிக்கவா? அடைச்சிருக்காரு. மச்சினன் போன் வந்திருக்கு, காரை எடுத்துட்டாரு, ஓட்டையை அடைச்சுட்டாரு, இனிமே ஏரி வந்தா எல்லாம் என் முத்தத்துல நிக்கும். கணக்கு சரியா வருது. நான் போய்ப் பார்த்துட்டு வரலாம், ஆனா பார்த்தா கேக்கணும், கேட்டா சண்டை, சண்டைன்னா ஏழு வீட்டுக்குக் கேக்கும், இவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

போன் அடிக்குது. ஹேமாதான். ‘அம்மா, அங்க எப்படி இருக்கு, நியூஸ்ல என்னென்னமோ சொல்றாங்க.’ இங்க ஒண்ணும் இல்லடி, தூறல்தான். ‘ஏரி திறக்கறாங்களாம்மா?’ யாருக்குத் தெரியும், தெரிஞ்சவங்க சொன்னாத்தானே. ‘பரந்தாமன் அங்கிள்கிட்ட கேளேன்.’ நான் எதுக்குக் கேக்கணும்? ‘அம்மா, உனக்குப் பிடிவாதம் முக்கியமா, அப்பா முக்கியமா?’ இவளுக்கு ஓசூர்ல மலை மேல வீடு, நல்லா வக்கணையா கேப்பா. போன்ல கட்டை ஒண்ணுதான் இருக்கு, சார்ஜ் இல்ல, வச்சுடறேன்னுட்டேன். வச்சப்பறம் எனக்கே கண்ணு கரிச்சுது. அப்பாதான்டி முக்கியம், அதுக்காகத்தானே இந்த ஜன்னல்ல நின்னுட்டிருக்கேன், மனசு கேக்காம காலையிலயே அரிசி டிரம்மைச் சாப்பாட்டு மேஜை மேல ஏத்தினேன், மாத்திரை டப்பாவை அலமாரி உச்சியில வச்சேன், கேஸ் அடுப்பைக் கூட மேடையில பின்னுக்குத் தள்ளிட்டேன். எல்லாம் ஒத்தையா பண்றேன்.

டம்ளர் விடல. போனேன் உள்ள. என்ன, காப்பியா? இல்ல. ஒண்ணுக்கா? பாட்டிலை எடுத்துக் காட்டினேன், தலையை ஆட்டறாரு, இல்லயாம். அப்ப என்ன, முதுகு வலிக்குதா, திருப்பிப் படுக்க வைக்கவா? கண்ணை உருட்டறாரு. பாத்ரூம் பக்கமா உருட்டறாரு, என்னைப் பார்க்கறாரு, திரும்ப உருட்டறாரு. பாத்ரூம் கதவு லேசா திறந்திருக்கு, அங்கேர்ந்து நாத்தம், குடலைப் பிடுங்குது. களக், களக்னு ஏதோ சத்தம் வேற. எனக்குப் புரிஞ்சு போச்சு. பரந்தாமன் ஜெனரேட்டரோ மோட்டாரோ போட்டு அவரு வீட்டுச் சாக்கடையை இறைக்கறாரு, அந்த நாத்தம் நம்ம பக்கம் வருது. ஆளைப் பாரு, ஓட்டையும் அடைப்பாரு, நாத்தமும் அனுப்புவாரு. நாத்தம் பிடிக்கலயா, அதானே, இந்தா மூடிட்டேன்னு கதவை இழுத்துச் சாத்தி, இடுக்குல மிதியடியை மடிச்சு வச்சு நல்லா காலால மிதிச்சேன். இவரு தலையைப் பக்கவாட்டுல ஆட்டறாரு, இல்ல இல்லன்னு. எச்சில் ஒழுகுது, தொடைச்சு விட்டேன். எப்பவும் அந்தாளு பக்கம்தான் பேசுவீங்க, இப்பப் பேச்சே இல்ல, அப்பவும் அந்தாளு பக்கம்தான் தலை ஆட்டறீங்கன்னு சொல்லிட்டேன். உண்மைதான், ரெண்டு பேரும் ஒரே பேப்பரைப் பாதிப் பாதியா படிச்சவங்க. சினிமாப் பக்கம் இவருக்கு, விளையாட்டுப் பக்கம் அவருக்கு. இவரு விழுந்தப்பறமும் அந்தாளு தெனமும் சினிமாப் பக்கத்தை மடிச்சு கேட்டுல சொருகிட்டுப் போறாரு. அதுல என்ன உள்குத்தோ. இவரு இடது கை என் புடவையைப் பிடிச்சுச்சு. விடுங்க, வந்துடறேன், அந்தாளு வெளிய வந்த சத்தம் கேக்குதுன்னு விரலை ஒண்ணொண்ணா பிரிச்சுட்டு வந்துட்டேன்.

வெளிய வந்துதான் இருக்காரு. குடை பிடிச்சுட்டு அவரு வீட்டு உசந்த படியில நிக்கறாரு. வானத்தைப் பார்க்கறாரு. தெரு முனையைப் பார்க்கறாரு. அப்பறம் நம்ம ஜன்னலைப் பார்க்கறாரு. நான் சட்டுன்னு திரைக்குப் பின்னாடி போயிட்டேன். ஏன் இங்க பார்க்கணும்? என்ன நடக்குதுன்னு நோட்டம் விடறாரு. இவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா, கிளம்பிட்டாங்களான்னு. இல்லன்னா பாவம்னு பார்க்கறாரா? பாவம்னு பார்க்கறதுக்கு நோட்டமே தேவலை. திரை ஓரத்துல ஒரு கண்ணு வச்சுப் பார்க்கறேன், அந்தாளு இன்னும் இங்கதான் பார்க்கறாரு. ஒரு காலை கீழ வைக்கறாரு, திரும்ப மேல எடுக்கறாரு. மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம். வர்றதுன்னா வாங்களேன், வந்து சொல்லுங்களேன், என் மச்சினன் இப்படிச் சொன்னான்னு. மதகைத் திறந்தா இங்க தண்ணி வர எவ்வளவு நேரம் ஆகும்? கருக்கல்லயா, ராத்திரியா? வந்தா தெருவுல வரும், தெருவுலேர்ந்து கேட்டு, கேட்டுலேர்ந்து முத்தம், முத்தத்துலேர்ந்து வாசல், வாசல்ல என் சுவரு. அதுவரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. நான் தெரு முனையைத்தான் பார்க்கணும். கண்ணை எடுக்கக்கூடாது. அங்க இன்னும் ஒண்ணும் இல்ல, ஒரு நாய் போகுது, தார் ரோடு பளபளன்னு நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான். உள்ள டங்டங்டங்டங்னு மூச்சு விடாம தட்டறாரு, இது கோவத் தட்டு. நான் காப்பி போடலன்னு கோவம், கதவைச் சாத்தினதுக்குக் கோவம், அந்தாளைத் திட்டினதுக்குக் கோவம். தட்டுங்க, நல்லா தட்டுங்க, எனக்குக் கோவம் இல்லயா, நான் எதுல போய்த் தட்டறது? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில துள்ளின்னு எங்க அம்மா சொல்லுவாங்க, எனக்கு எதுக்கு இப்ப அது ஞாபகம் வருது? தட்டு நின்னு போச்சு. அப்பாடா. தூங்கிட்டாரு. இல்ல, கை ஓய்ஞ்சிருக்கும். அப்பறம் டம்ளர் கீழ விழுந்த சத்தம்.

அந்தச் சத்தம். தெனமும் பத்துத் தடவை விழற டம்ளர்தான், விழுந்தா டணார்னு வீடு பூரா உருளும். இப்ப உருளல. தொபுக்னுச்சு. தொபுக்னு விழறதுக்குக் கீழ என்ன இருக்கு? தரைதானே இருக்கு? ஓடினேன். நடையைத் தாண்டறதுக்குள்ளயே பாதம் நனைஞ்சிடுச்சு, ஜில்லுன்னு இல்ல, வெதுவெதுன்னு. ரூமுக்குள்ள கறுப்பா தண்ணி, கட்டில் கால் பாதி முழுகி, என் மிதியடி மிதக்குது, டம்ளர் மூழ்கிக் கிடக்கு. பாத்ரூம் கதவு இடுக்குல குபுகுபுன்னு வருது. கரண்ட் இல்ல, பாதாளச் சாக்கடையை இறைக்கற மோட்டார் ஓடல, ஊர்த் தண்ணி எல்லாம் குழாய் வழியா பின்னோக்கி வந்து, பள்ளத்துல இருக்கற என் வீட்டுப் பாத்ரூம்ல எழும்பியிருக்கு. அய்யோ, இதையா இவ்வளவு நேரமும் தட்டினீங்க. இதையா கண்ணால காட்டினீங்க. நான் கதவைச் சாத்தி மிதியடி வச்சேனே, பாவி. இவரு அழறாரு. சத்தம் வரல, வாய் மட்டும் கோணிக்கிட்டு அழறாரு. நான் தெருவையே பார்த்துட்டு நின்னேன், தண்ணி என் புருஷன் கட்டிலுக்கு அடியில வந்து நின்னுச்சு.

தெனமும் பண்றதுதான், கக்கத்துல கை கொடுத்து, என் முட்டியால அவரு முட்டியை அணைச்சு, ஒரு திருப்பு, வீல்சேர்ல உக்கார வச்சுட்டேன். தண்ணிக்குள்ள தள்ளிட்டே வந்தேன், சக்கரம் கனக்குது, அதுக்குள்ள கூடம் பூரா கெண்டைக்கால் அளவு ஏறிடுச்சு, செருப்பும் பேப்பரும் மிதக்குது. வாசலுக்கு வந்தேன். வாசல்ல சுவரு. முட்டியளவு. ரெண்டு கோட்டு சிமெண்ட்டு. அந்தப் பக்கம் முத்தத்துல கணுக்கால் தண்ணி கூட இல்ல, இந்தப் பக்கம் வீட்டுக்குள்ள கெண்டைக்கால். வெளித் தண்ணி உள்ள வராம இருக்கக் கட்டினேன், இப்ப உள்தண்ணியை வெளிய விடாம அதான் தேக்கி வச்சுட்டு நிக்குது. வீல்சேரை முன்னாடி தூக்கிப் பார்த்தேன். பின்னாடி தூக்கிப் பார்த்தேன். இடுப்புல ஏதோ பிடிச்சுது. உங்கப்பா எங்கடி போகப் போறாருன்னு நானே சொன்ன வாயி. நிமிர்ந்து பார்த்தா அந்தாளு குடையோட இன்னும் படியில நிக்கறாரு. நம்ம வாசலைத்தான் பார்க்கறாரு. என்னன்னு கூப்பிடறது, இத்தனை வருஷத்துல கூப்பிட ஒரு பேரே வச்சுக்கலயே. இவரு இடது கை வீல்சேர்க் கட்டையில ஒரே ஒரு தட்டு தட்டுச்சு.

‘அண்ணே! அண்ணே, ஓடியாங்க!’

குடை பறந்துச்சு. கேட்டு வழியா கூட வரல, சுவத்துல ஏறிக் குதிச்சாரு, அறுபது வயசுக்கு மேல. கையில, காலையில சுவத்துல சாய்ச்சு வச்சிருந்த அந்தக் கடப்பாரை. வாசலுக்கு வந்து உள்ள எட்டிப் பார்த்ததும் ‘அடக் கடவுளே’ன்னாரு. அப்பறம் சுவத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. ‘இடிச்சுடட்டாம்மா?’ கேக்கறாரு பாருங்க, அந்த நேரத்துலயும். இடிங்க அண்ணே, இடிங்கன்னேன். நாலு போடு போட்டாரு, மொசைக் கல்லு தெறிச்சுது, செங்கல் சரிஞ்சுது, கறுப்புத் தண்ணி மடை திறந்த மாதிரி முத்தத்துக்குப் பாய்ஞ்சுது. பாய்ஞ்சு அங்கேயே நின்னு ஏறுச்சு, போக வழி இல்லாம. அந்தாளு கடப்பாரையைக் கையில வச்சுட்டு அந்தத் தண்ணியையே பார்த்தாரு. முகம் சுண்டிப் போச்சு. ‘காலையில நான்தாம்மா அடைச்சேன்’னாரு. அவரே போனாரு, குனிஞ்சாரு, கடப்பாரையை ஓட்டைக்குள்ள விட்டு நெம்பி, சாக்கை இந்தப் பக்கமா இழுத்துப் போட்டாரு. தண்ணி சுழிச்சுட்டு அவரு வீட்டுப் பக்கம் போச்சு, என் வீட்டு நாத்தமெல்லாம் கோமளா வச்ச ரோஜாத் தொட்டி வழியா. ரெண்டு பேரும் வீல்சேரைத் தூக்கினோம். அவரு வீட்டுப் படியேறும்போது மூச்சு வாங்கிட்டே கேட்டேன், மச்சினன் எப்ப ஏரி திறக்கறதா சொன்னாருன்னு. அவரு முழிக்கறாரு. ‘அவன் போனே எடுக்கலம்மா. நீங்க அரிசி டிரம்மை மேஜை மேல ஏத்தினதை ஜன்னல் வழியா பார்த்தேன். இவங்களுக்கு ஏதோ சேதி வந்திருக்கு, நம்மகிட்ட சொல்லலன்னு நினைச்சுத்தான் காரை எடுத்தேன்.’

இப்ப அவங்க மாடி ரூம்ல இருக்கோம், அதே ஜன்னல். கோமளா இவருக்கு உலர்ந்த வேட்டி கட்டி விட்டு, காலைத் தொடைச்சு, போர்த்தி விட்டிருக்கா. தெருவுல இன்னும் தண்ணி இல்ல, வருமோ வராதோ யாருக்கும் தெரியல. இங்கேர்ந்து பார்த்தா எங்க மொட்டை மாடி கைக்கு எட்டற தூரத்துல இருக்கு. இவ்வளவு கிட்டத்துலயா இருந்தோம் அன்னிக்கு? அந்த டார்ச் எதுக்கு அடிச்சாருன்னு இன்னும் கேக்கல. கேப்பேன். அதையும் விடமாட்டேன். பின்னாடி டக், டக்னு சத்தம். டம்ளர் அங்க சாக்கடையில போச்சு, இவரு விரல் முட்டியால கட்டில் கட்டையில தட்டறாரு. ரெண்டு தட்டு. காப்பின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். எழுந்து போய்க் கட்டில்ல அவரு பக்கத்துல உக்காந்து, அவரு முகத்தைப் பார்த்து, என்னங்க சொல்றீங்கன்னு கேட்டேன்.